"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"

செகண்ட் ஹேண்ட் காடி விற்கும் யார்டுக்குள் கால் வைத்ததும் காதில் விழும் முதல் கேள்வி இது. வீட்டில் எத்தனை பேர், எங்கே வேலை, எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். கோலாலம்பூரில் ஒரு வங்கிக் கிளையில் பதினோரு ஆண்டு வாடகைக் கொள்முதல் மேசையில், அதாவது தவணையில் காடி வாங்குவோருக்கான கடன் பிரிவில், உட்கார்ந்திருந்தேன். யார்டுகளிலிருந்து வரும் கோப்புகளைப் படித்து, கடன் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது என் வேலை. அந்தக் கேள்விக்கு "ஒரு நானூறு வெள்ளி" என்று வெகுளியாகப் பதில் சொல்பவரின் கோப்பு எப்படி வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். 400 வெள்ளிக்குள் எதை வேண்டுமானாலும் அடைத்துவிடலாம்.

எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பெரோடுவா பெசா காடி, நிஜ விலை 28,000 வெள்ளி என்று வையுங்கள். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இன்படி வாங்குபவர் குறைந்தது பத்தில் ஒரு பங்கு முன்பணம் கட்ட வேண்டும். 2,800 கட்டிவிட்டு, மீதி 25,200-ஐ என் காலத்து ஃப்ளாட் ரேட்டில், ஆண்டுக்கு 4.5 விழுக்காட்டுக்கு, 7 ஆண்டுக்கு எடுத்தால் வட்டி 7,938. மாதத் தவணை 394 வெள்ளி 50 காசு.

இப்போது யார்டில் ஒருவர் தோளில் கை போட்டு, "பாஸ், முன்பணமே வேணாம், ஃபுல் லோன் பண்ணித் தாரேன், கைக்கு 2,000 கேஷ்பேக் வேற" என்கிறார். இல்லாத பணம் எங்கிருந்து வரும்? அதே பெசாவின் விலையை வங்கிக்குப் போகும் தாளில் 34,000 என்று எழுதுகிறார். நீங்கள் 3,400 முன்பணம் கட்டிவிட்டதாக ரசீதும் போடுகிறார். வங்கி 30,600 கொடுக்கிறது. 28,000 போக மீதி 2,600. அதில் 2,000 உங்கள் கைக்கு, 600 அவருக்கு. தவணைக்காலத்தை 9 ஆண்டுக்கு இழுத்துவிட்டால் மாதம் 398 வெள்ளி.

394.50-க்கும் 398-க்கும் ஒரு தே தாரிக் விலைதான் வித்தியாசம். மாதத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே காடி, ஒரே தவணை. இரண்டாவதில் கையில் காசு வேறு. ஆனால் முதல் வழியில் காடி உங்கள் பெயருக்கு வரும்வரை மொத்தம் செலவாவது 35,938 வெள்ளி. இரண்டாவது வழியில், கைக்கு வந்த 2,000-ஐக் கழித்த பிறகும் 40,993. ஐயாயிரத்துச் சொச்சம் அதிகம், கூடவே இன்னும் இரண்டு ஆண்டுத் தவணை. நடுவில் காடி மோதி உருப்படாமல் போனால் காப்புறுதி கொடுப்பது காடியின் சந்தை விலையை ஒட்டித்தான். விலையை ஊதிப் பெரிதாக்கி எடுத்த கடனில் பாக்கி அதற்கு மேலே நிற்கும். காடியே இல்லாமல் அந்தப் பாக்கியை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஃப்ளாட் ரேட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மேசையில் இருந்த காலம் முழுக்கக் கார் கடன் என்றால் இதுதான். வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை ஒரே வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஆகவே 7 ஆண்டுக்கு 4.5 என்று சொல்வது, வீட்டுக் கடன் கணக்கில் பார்த்தால் 8 விழுக்காட்டைத் தாண்டும். யார்டில் இதை யாரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு பையனின் கோப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பத்துகேவ்ஸ் பக்கத்துப் பையன், 22 வயது, தொழிற்சாலையில் டெக்னிஷன். முதல் காடி. விண்ணப்பத்தில் மாதச் சம்பளம் 2,900. சம்பளச் சீட்டு பளிச்சென்று, கம்பெனி முத்திரையோடு இருந்தது. நான் எப்போதும் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கழிவைப் பார்ப்பேன். 2,900-க்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு என்றால் 319 வெள்ளி இருக்க வேண்டும். சீட்டில் 209 என்று இருந்தது. 209 என்பது 1,900 சம்பளத்துக்கான கழிவு. யாரோ சம்பளத்தில் 1-ஐ 2 ஆக்கிவிட்டு, கழிவை மாற்ற மறந்துவிட்டார்.

பையனைக் கூப்பிட்டேன். அம்மாவோடு வந்தான். சீட்டைக் காட்டினால் விழிக்கிறான்; தன் சம்பளச் சீட்டு அப்படி இருப்பதே அவனுக்குத் தெரியாது. சேல்ஸ்மேனிடம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறான், "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் லா" என்று அவர் சொல்லியிருக்கிறார், காலிப் படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, இவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளைப்பா" என்றார். நம்பினேன். ஆனால் பொய்ச் சீட்டோடு வந்த விண்ணப்பத்தின் கீழே இருந்தது அவன் கையெழுத்து. சேல்ஸ்மேன் பெயர் கோப்பில் எந்தத் தாளிலும் இல்லை. விண்ணப்பத்தை நிராகரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

காலிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது சட்டப்படியே குற்றம் என்பது அவனுக்கு மட்டுமல்ல, வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் இரண்டாம் அட்டவணை, மலாயில் ஜடுவல் கெடுவா, என்ற அறிவிப்பை நிரப்பி உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும். ரொக்க விலை, முன்பணம், காப்புறுதி, வட்டி, மொத்தத் தொகை, எத்தனை தவணை எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். என்னைக் கேட்டால் காடியின் டயரைப் பார்ப்பதைவிட இந்தத் தாளைப் பார்ப்பது முக்கியம். அதில் ரொக்க விலை என்ற இடத்தில் உங்களிடம் பேசிய விலைதான் இருக்கிறதா? முன்பணம் என்ற இடத்தில் நீங்கள் நிஜமாகக் கட்டிய தொகைதானா? இந்த இரண்டும் பொருந்தவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு 14 நாளுக்குள் ஒப்பந்தத்தின் நகல் உங்களுக்கு வந்து சேர வேண்டும். வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள், வங்கிக்கே நேராகப் போன் போடுங்கள்.

அந்தப் பையன் புக்கிங் என்று 1,000 வெள்ளி கொடுத்திருந்தான், ரசீது இல்லாமல். புக்கிங் பணம் காடி விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 28,000 வெள்ளிக் காடிக்கு 280 வெள்ளி. "வங்கி கடன் மறுத்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு "புரோசெசிங் ஃபீ", "ஹேண்ட்லிங் ஃபீ" என்று 1,500, 2,000 சேர்ப்பார்கள். எதற்கு, யாருக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொன்னால் பாதி தானாகவே மறைந்துவிடும்.

வங்கி மறுத்ததும் ஆட்டம் வேறு பக்கம் திரும்புகிறது. "பேங்கு கொடுக்கலன்னா என்ன, கிரெடிட் லோன் இருக்கு" என்பார்கள். வங்கி அல்லாத கம்பெனிகள் தரும் கடன் அது. நான் இருந்த காலத்தில் நிலையான வட்டிக்கு வாடகைக் கொள்முதல் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 10 விழுக்காடு. ஃப்ளாட்டில் 10 என்றால் 20,000-க்கு 5 ஆண்டில் வட்டி மட்டும் 10,000, மாதம் 500 வெள்ளி. நிஜ வட்டி 17 விழுக்காட்டுக்கு மேல். சட்டத்துக்குள் இருக்கும்போதே இந்த நிலைமை. வெளியே போனால் ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரர் கையில்தான் முடியும்.

இன்னொன்று சம்புங் பாயார். ஒருவர் கட்டமுடியாமல் விடும் தவணையை நீங்கள் தொடர்ந்து கட்டி, காடியை ஓட்டுவது. சட்டவிரோதம். கடன் முடியும்வரை காடி வங்கிக்குச் சொந்தம். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற அவருக்கு உரிமையே இல்லை. கிரான் (காடியின் பதிவு ஆவணம்) உங்கள் பெயரில் இருக்காது, காப்புறுதி உங்கள் பெயரில் இருக்காது. நீங்கள் கொடுக்கும் பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால் ஒருநாள் காலையில் வாசலில் காடி இருக்காது. இழுத்துக்கொண்டு போனவர்களிடம் "நான்தான் கட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி என்ன பயன்?

நம் வீடுகளில் ஓடும் பெயர்க்கடன் எனக்கு இதைவிட வேதனை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவேடு சிசிஆர்ஐஎஸ்-இல் மச்சான் பெயர் கெட்டுப்போயிருக்கும், அரசாங்க வேலையில் இருக்கும் தங்கச்சி பெயரில் லோன் எடுப்பார்கள். "ஆறு மாசத்துல என் பேருக்கு மாத்திடுறேன்." மாற்ற முடியாது, மாற்றுவதற்கு அவர் புதிதாகக் கடன் எடுக்க வேண்டும், அதுதானே அவரால் முடியவில்லை. இரண்டு தவணை தொடர்ந்து விட்டுப்போனால் வங்கி 21 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் காடியை எடுக்கலாம். நோட்டீஸ் தங்கச்சி வீட்டுக்கு வரும். மொத்த விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. காடியை ஏலத்தில் விட்டுக் குறைந்தால் மீதி பாக்கிக்கும் தங்கச்சிதான். தீபாவளிக்கு ஒன்றாகச் சாப்பிட்ட குடும்பங்கள் இந்த ஒரு காடியால் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை நான் கிளையிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் முதல் காடி வாங்குபவர் என்னதான் செய்வது? யார்டுக்குப் போவதற்கு முன்னால் வங்கிக்குப் போங்கள். பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ்-இல் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகவே பார்க்கலாம். சம்பளச் சீட்டு மூன்று மாதம், இபிஎஃப் அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை எடுத்துக்கொண்டு இரண்டு வங்கியில் கேளுங்கள்: இந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள், என்ன வட்டி? அந்த எண்ணோடு யார்டுக்குப் போனால் பேச்சே மாறும். விற்பவர் மாதத் தவணையைக் கேட்டால் நீங்கள் விலையைக் கேளுங்கள். ஆவணங்களின் நகலில் "இந்த வங்கிக்கு, இந்தக் காடிக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிவிட்டுக் கொடுங்கள். நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனப் பரிசோதனையில் பெயர் மாற்றத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று என்று பி5, பி7 இரண்டும் இருக்கும். அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பழைய உரிமையாளரின் வங்கிக் கடன் அடைந்து, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் வங்கியின் உரிமைக்கோரல் நீங்கிவிட்டதா என்று பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏமாந்தவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. வாடகைக் கொள்முதல் சட்டத்தை அமல்படுத்துவது உள்நாட்டு வர்த்தக அமைச்சு, புகார் அங்கே. திரும்பி வராத புக்கிங் பணம், சொன்ன விலைக்கும் எழுதிய விலைக்கும் இடையிலான வித்தியாசம் போன்றவற்றுக்குப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளிவரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம். தவணை கட்டமுடியாமல் திணறுபவர்கள் இழுத்துக்கொண்டு போகும்வரை காத்திருக்காமல் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே-வுக்குப் போகலாம், ஆலோசனை இலவசம்.

அந்தப் பையன் புக்கிங் பணத்தை மிரட்டிக் கெஞ்சி 700 மட்டும் திரும்ப வாங்கினான். எட்டு மாதம் ஓவர்டைம் செய்து முன்பணம் சேர்த்தான். பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செலாயாங்கிலிருந்து போன். "அண்ணே, ஒரு சாகா பார்த்திருக்கேன், விலை சரியாத்தான் இருக்கு. ஆனா இப்பவே கையெழுத்துப் போடணும்ங்கிறாரு, நாளைக்கு வேற ஆளு வர்றாராம்." சனிக்கிழமை சாயங்காலம் என்றால் வங்கி மூடியிருக்கும், யாரையும் கேட்க முடியாது. யார்டுகளுக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். "திங்கக்கிழமை பேங்கு திறந்ததும் வர்றேன்னு சொல்லு" என்றேன். பின்னால் சேல்ஸ்மேன் குரல் கேட்டது: "அதுக்குள்ள காடி போயிடும் தம்பி!"

அடுத்த வாரம் அவனோடு நானும் போனேன். சாகா அதே இடத்தில், கண்ணாடியில் அதே விலையோடு நின்றுகொண்டிருந்தது. 400 வெள்ளி குறைத்து வாங்கினான்.