ஸ்மார்ட் கான்டிராக்ட்: அறிவார்ந்ததா, தானியங்குவதா?

ஸ்மார்ட் நேஷனைச் சிங்கப்பூரில் 'அறிவார்ந்த தேசம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதே கையோடு, நிபந்தனைகளைக் கணினி நிரலாக எழுதி, அவை நிறைவேறியதும் தானே செயல்படும் ஸ்மார்ட் கான்டிராக்டையும் 'அறிவார்ந்த ஒப்பந்தம்' என்று எழுதத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மார்ட்' சுரீரென்ற வலியைக் குறித்தது. கூர்மை வழியாகப் புத்திசாலித்தனத்துக்கு வந்து சேர்ந்தது, நம் 'கூர்மதி' போல. 'கான்டிராக்ட்' லத்தீன் வேரில் 'சேர்த்து இழுப்பது'. 1990களில் இரண்டையும் இணைத்துப் பெயரிட்டவர் கணினியியலாளர் நிக் சாபோ. அவர் காட்டிய முன்னோடி, காசு போட்டால் பானம் தரும் விற்பனை இயந்திரம். புளோக்கின் கீழே நிற்கும் அதை யாரும் அறிவாளி என்பதில்லை. நிபந்தனை நிறைவேறினால் தானாக இயங்கும், அவ்வளவுதான். ஆகவே 'தானியங்கு ஒப்பந்தம்' என்பதே என் தேர்வு.

அதில் 'ஒப்பந்தம்'கூடக் கொஞ்சம் தாராளம்தான். 2017ல் ஒரு மின்நாணயச் சந்தையில் மென்பொருள்கள் தாமாகவே, சந்தை விலையைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு விலைக்கு ஈதர் என்ற மின்நாணயத்தைக் கைமாற்றின. ஸ்மார்ட் கான்டிராக்ட் வழக்கமாக ஓடும் பிளாக்செயினில் (பல கணினிகள் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) இயங்கிய நிரல் அல்ல அது, ஆனால் கேள்வி ஒன்றுதான்: ஒப்புக்கொண்டது யார்? குவைன் – பி2சி2 என்ற அந்த வழக்கில் 2020ல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிரலை எழுதியவருக்கு என்ன தெரிந்திருந்தது என்றே பார்த்தது.

அப்புறம், இத்தகைய நிபந்தனைகளை எழுத உதவும் 'லாஜிக் புரோகிராமிங்'. தருக்க நிரலாக்கம் என்பார்கள். தனித்தமிழில் ஏரண நிரலாக்கம். 1972ல் பிரான்சின் மார்சேயில் பிறந்த புரோலாக் இதில் புகழ்பெற்ற மொழி. படிப்படியாகக் கட்டளையிடாமல், எதிலிருந்து எது விளையும் என்று மட்டும் எழுதுவோம். 'குத்தகை முடிந்து, சேதமும் இல்லையென்றால், வைப்புத்தொகை வாடகைதாரருக்கு.' கிட்டத்தட்ட இதுவே நிரல். சட்டம் படித்தவர்களுக்கு இதில் ஆர்வம் வருவது அதனால்தான். ஆனால் ஒரு சிக்கல்: சேதம் பற்றிப் பதிவே இல்லையென்றால், சேதம் இல்லை என்றே புரோலாக் எடுத்துக்கொள்ளும். வீட்டு உரிமையாளர் உடைந்த கதவை ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். நிரல் வீட்டை வந்து பார்க்காது.

'குவாண்டம் பாதுகாப்பு' என்ற தொடரும் குழப்பும், குவாண்டமே காவல் நிற்பதுபோல. பொருள் நேர்மாறு: குவாண்டம் கணினியிடமிருந்து (அணு அளவிலான இயற்பியலைக் கொண்டு கணக்கிடுவது) காப்பது. பீட்டர் ஷோர் 1994ல் வெளியிட்ட கணக்கீட்டு முறையின் வழியில், போதிய திறனுள்ள குவாண்டம் கணினி இன்றைய பெரும்பாலான பிளாக்செயின்களில் பரிமாற்றங்களை உறுதிப்படுத்தும் மின்கையொப்பங்களை உடைத்துவிடும். உடையாத வகைக் கையொப்பங்களுக்கு அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்ட்டில் இரண்டு தரநிலைகளை வெளியிட்டது. இவற்றைக் 'குவாண்டம் தாங்கு கையொப்பம்' என்றால் குழப்பம் இருக்காது.