ஆயிரக்கணக்கான படங்களில் ஒருவனை எப்படித் தேடினார்கள்?

1880 வாக்கில் பாரிஸ் போலீஸிடம் கைதிகளின் புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன, ஆனால் பெரிய பிரயோஜனம் இல்லை. பிடிபட்டவன் பொய்ப்பெயர் சொல்லிவிட்டால், அவனுடைய பழைய படத்தை அந்தக் குவியலில் எங்கே போய்த் தேடுவது?

வழி கண்டுபிடித்தவர் அதே அலுவலகத்தில் 1879-ல் எழுத்தராகச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன். வளர்ந்து முடிந்த ஆளின் எலும்பு அளவுகள் மாறாது என்பதுதான் அவருக்குப் பிடிமானம். தலையின் நீளம், அகலம், நடுவிரல், பாதம், முன்கை என்று 11 அளவுகள் எடுத்தார். ஒவ்வொன்றையும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்தார், அதுவும் மூன்றிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஆட்கள் வரும்படி எல்லை வகுத்து. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலை நீளத்தில் 3 பிரிவு, அகலமும் சேர்ந்தால் 9, அடுத்த அளவில் 27, நாலாவதில் 81, ஆறாவதில் 729. ஆளுக்கு ஒன்றாக அளவுகளும் படமும் கொண்ட அட்டைகள் 60,000 இருந்தாலும் கடைசியில் புரட்ட வேண்டியது சுமார் 80 அட்டைதான். படத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது, அந்த முகவரி ஆளின் உடம்பிலேயே இருக்கிறது!

அப்புறம்தான் படத்துக்கு வேலை. கைதியை ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வைக்கத் தனியாக ஒரு நாற்காலி செய்தார்கள். முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டும் உண்மை அளவில் ஏழில் ஒரு பங்காக. தாடி வளர்க்கலாம், முகத்தைக் கோணலாக வைத்துக்கொள்ளலாம், காதின் மடிப்பை என்ன செய்ய முடியும்? அதனால்தான் பக்கவாட்டுப் படத்தில் காது தெளிவாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

1892 மார்ச்சில் பாரிஸில் நீதித்துறையினர் வசித்த வீடுகளில் குண்டு வைத்த அனார்க்கிஸ்ட் (அரசே கூடாது என்ற கொள்கைக்காரன்) ரவஷோல் சிக்கியது படத்தால் அல்ல. உணவகத்தில் பரிமாறிய ஒருவர் அவனுடைய பேச்சையும் இடது கைத் தழும்பையும் கவனித்துப் போலீஸுக்குச் சொன்னார். ஆனால் பிடித்த பிறகு அளந்து பார்த்தபோதுதான், அவன் முன்பு சேந்த் எத்தியேன் நகரில் அளக்கப்பட்ட கோனிக்ஸ்டைன் என்பவன்தான் என்று உறுதியானது. பெர்த்தியோனின் பெயர் எங்கும் பரவியது.

இதுவரை சரி. என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. 1893 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குள் குண்டு விழுந்ததும் அவசர அவசரமாகச் சட்டங்கள் வந்தன, குண்டு வைத்தவர்களோடு நிற்காமல் அனார்க்கிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தச்சர், தையல்காரி, செருப்புத் தைப்பவர் எல்லோருக்கும் ஓர் அட்டை. கருத்துக்காக ஒருவரை அளந்து கோப்பில் வைப்பது எனக்குக் குற்றப் புலனாய்வாகத் தெரியவில்லை. கலை விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோனும் அப்படித்தான் 1894-ல் மாட்டினார். ஆகஸ்டில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருடைய அட்டை இன்றும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.