வாட்டர்ஷெட்: நிலத்தின் வகிடு

புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரிக் கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பை பொறுக்கும் தன்னார்வலர்களோடு நானும் போவதுண்டு. ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "நாங்க வாட்டர்ஷெட்டைப் பாதுகாக்க வந்திருக்கோம் தாத்தா" என்றாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மோட்டார் கொட்டாய் அந்தாண்ட இருக்கும்மா" என்று கை காட்டினார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் தப்பு அவர் மேல் இல்லை. ஷெட் என்றால் நமக்குக் கொட்டகைதான். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஷெட் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'பிரித்தல்' என்று பொருள்படும் வினையின் வழி வந்தது. தலையில் எடுக்கும் வகிட்டுக்கும் அங்கே இதே சொல் வழங்கியிருக்கிறது. ஜெர்மன் மொழியில் நீர் பிரியும் மேட்டை 'வாஸர்ஷைடெ' என்பார்கள். அதைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

வகிடு என்று வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடுகிறது. சீப்பு போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த முடி இந்தக் காதுக்கு, அந்தப் பக்கம் விழுந்தது அந்தக் காதுக்கு. நிலத்திலும் அப்படித்தான். புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் இருக்கும் செம்மண் மேட்டில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே பெய்யும் ஒரே மழை கிழக்கே சரிந்தால் கடலுக்குப் போகும். வடக்கே சரிந்தால் கழுவேலி ஏரிப் பக்கம். தென்மேற்கே சரிந்தால் ஊசுட்டேரிப் பக்கம். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது மரமில்லாத பொட்டல். மழைநீர் செம்மண்ணை அறுத்துக்கொண்டு ஓடி ஆழமான ஓடைகளாக்கியிருந்தது. வந்தவர்கள் வரப்பு கட்டி, பள்ளங்களைத் தடுத்து, மரம் வைத்தார்கள்.

ஆக, முதலில் வாட்டர்ஷெட் என்பது ஒரு கோடு. பிரிட்டனில் இன்றும் பெரும்பாலும் அதே பொருள்தான். அமெரிக்காவில் அது கோட்டிலிருந்து இறங்கி, அந்தக் கோட்டுக்குள் அடங்கிய மொத்த நிலத்தையும் குறிக்கத் தொடங்கியது: எந்த நிலத்தில் விழும் மழை கடைசியில் ஒரே ஆற்றுக்கோ ஏரிக்கோ வந்து சேருமோ, அந்த நிலம். நம் நாட்டு அரசுத் திட்டங்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளை.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், மூன்று இருக்கின்றன. மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன.

பள்ளிப் புவியியலில் வருவது நீர்ப்பிரிமேடு. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. கோட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், சண்டை இல்லை.

நிலத்துக்கு அரசு வைத்த பெயர் நீர்வடிப்பகுதி. தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை என்று ஓர் அமைப்பே உண்டு. சொல்லமைப்பில் குறை இல்லை. நீர் வடிந்து வரும் பகுதி. ஆனால் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து விவசாயி காதில் இது எப்படி விழும்? அவருக்கு வடிதல் என்றால் வயலில் நின்ற தண்ணீர் போவது. வடிகால் என்றால் அது போகும் வழி. சோறு வடித்தால் கஞ்சி வெளியேறுவதைப்போல. நீரைத் தங்க வைக்கும் திட்டத்துக்கு நீரை வெளியேற்றும் வினையில் பெயர்.

மூன்றாவது, செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி. எனக்கு இதோடுதான் வழக்கு. 'அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கனமழை' என்றால் மேலே மழை பெய்யும் நிலம். 'ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வீடுகள்' என்றால் பெரும்பாலும் ஏரிக்குள்ளேயே, தண்ணீர் நிற்கும் இடம். அந்த இடத்துக்கு ஊரில் உள்வாய் என்ற அழகான சொல் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரி பேசப்படும் இடங்களிலும் அது வரும். உள்வாய் வேறு, அதற்கு நீர் தரும் மேல்நிலம் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததன் விளைவை எங்கள் குழுவிலேயே பார்த்தேன். 'நீர்ப்பிடிப்பைக் காப்போம்' என்று பலகை நட்டோம், நட்டது ஏரிக்கரையில். பனை விதை போட்டதும் கரையில், குப்பை பொறுக்கியதும் கரையில். வாய்க்கால் பக்கம் ஒருவரும் போகவில்லை.

ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. சங்கராபரணியோ செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து வரும் ஆறு. ஆகவே ஏரியின் 'பகுதி' புதுச்சேரி எல்லையில் முடிவதில்லை. செஞ்சி வரை நீள்கிறது. ஏரியே பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டால் கரையில் எத்தனை பனை நின்றாலும் ஏரிக்குத் தண்ணீர் ஏறாது. (தென்னமெரிக்கச் செடிக்கு கடலூர் மாவட்டத்து ஊரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது தனிக்கதை.)

அந்த வாய்க்காலுக்கு ஊரார் சொல்லும் பெயரிலேயே நமக்கு வேண்டிய சொல் கிடக்கிறது: வரத்து வாய்க்கால். வா என்ற வினையிலிருந்து வந்த வரத்து. சந்தையில் காய்கறி வரத்து, மேட்டூருக்கு நீர்வரத்து, போக்குவரத்து என்று எல்லோர் வாயிலும் புழங்குவது. நீர்வரத்து என்றால் இப்போது கன அடிக் கணக்கு நினைவுக்கு வருவதால், நிலம் என்று ஒரு சொல் சேர்த்து நீர்வரத்து நிலம் எனலாம். பெரிய ஆறுகளுக்கு வடிநிலம் என்று பொறியாளர்கள் சொல்வது இருக்கட்டும். ஏரிக்கும் குளத்துக்கும் நீர்வரத்து நிலம் போதும், விளக்கவுரை தேவைப்படாது.

கடலூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை 2024 டிசம்பரில் தென்பெண்ணை காட்டிவிட்டது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டு, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகள் மூழ்கின. மழை பெய்தது எங்கோ, வரத்து இங்கே. பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் கடலைத் தொடும் ஊர் என்பதால் கூடலூர் என்றிருந்தது கடலூர் ஆனது என்பார்கள். நீர் பிரியும் வகிடு எங்கோ மேற்கே; நாம் இருப்பது கூடலில்.

   

பழைய பலகையைப் பிடுங்கி இப்போது வாய்க்கால் மதகருகே நட்டிருக்கிறோம். 'ஏரிக்குத் தண்ணீர் இந்த வழியாக வருகிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாடு மேய்க்கும் பெரியவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது எனக்குத் தெரியுமே" என்றார்.