ஊசி குத்தும் நேரத்தில் இசை என்ன செய்கிறது?

உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் நரம்புத் தடை ஊசி போடுவதற்காக ஒருவரைப் படுக்கவைத்துக் கழுத்தோரத்தில் குளிர்ந்த கிருமிநாசினியைத் தடவும் அந்தச் சில வினாடிகளில், ஊசி இன்னும் தோலைத் தொட்டிருக்காது. ஆனாலும் அவருடைய நாடி வேகமெடுத்திருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும், மூச்சு பாதியில் நின்றிருக்கும். வலி வருவதற்கு முன்பே உடல் அதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. சிகிச்சையின்போது ஒலிக்கும் இசை பெரும்பாலும் இந்த ஆயத்தத்தின் மீதுதான் வேலை செய்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், இசை வலியை அடியோடு போக்கிவிடும் என்ற மிகைப்பேச்சுக்கு இடமிருக்காது.

காயம் பட்ட இடத்திலிருந்து புறப்படும் சமிக்ஞை அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்திலேயே அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியுண்டு என்பதை வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் 'வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை'யாக முன்வைத்தனர். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் மூளையிலிருந்தும் கீழ்நோக்கிக் கட்டளைகள் வருகின்றன என்னும் மையக் கருத்து நிலைத்துவிட்டது. நடுமூளையில் தொடங்கி மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை, உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களின் துணையோடு வலிச் சமிக்ஞையைத் தணிக்கிறது. அதே பாதை அச்சத்தின் பிடியில் இருக்கும்போது சமிக்ஞையைப் பெருக்கவும் செய்யும். பயந்தவருக்கு ஊசி கூடுதலாக வலிப்பது வெறும் மனப்பிரமை அல்ல.

கவனத்தைத் திருப்பத்தான் வேண்டுமென்றால் சுவரில் ஒரு படம் போதாதா என்று கேட்கலாம். இசைக்கு ஒரு தனி வசதி உண்டு. தாளம் பிடிபட்ட மறுகணமே மூளை அடுத்த அடியை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. எதிர்பார்த்தது வந்ததா, சற்றே விலகியதா என்று ஓயாமல் சரிபார்க்கிறது. தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, சிலிர்க்க வைக்கும் இடத்தில் மட்டுமல்லாமல், அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் கணங்களிலேயே, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் வெளியாவதைக் காட்டியது. ஊசியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மனத்துக்கு எதிர்பார்க்க வேறொன்று கிடைத்துவிடுகிறது. மெதுவான இசையானால் மூச்சும் சற்று நீளும். நாடியும் அதனுடன் தணியும்.

எல்லாமே ரசனையின் வேலையும் அல்ல. பாதம் வீங்கிய எலிகளுக்கு இனிய இசை, சுருதி கெட்ட இசை, வெற்று இரைச்சல் ஆகிய மூன்றையும் கேட்கவைத்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. சுற்றுப்புற ஓசையைவிட 5 டெசிபல் மட்டும் கூடுதலாக இருந்தபோது மூன்றுமே வலியுணர்வைக் குறைத்தன. ஒலியை உணரும் மூளைப் பகுதியான கேட்டல் புறணியிலிருந்து, மூளையின் உட்புறத்தில் தொடுவுணர்வையும் வலியையும் கையாளும் தலாமஸ் பகுதிக்குச் செல்லும் சமிக்ஞைகள் தணிந்ததே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. மனிதருக்கும் இதுவே பொருந்தும் என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. எலிக்கு நினைவில் தங்கிய பாட்டு ஏது?

மருத்துவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. அறுவை அரங்கில் கிராமபோன் வைத்ததைப் பற்றி அமெரிக்க அறுவை மருத்துவர் எவன் ஓ'நீல் கேன் 1914இலேயே ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார். 1960 வாக்கில் பல் மருத்துவர் வாலஸ் கார்ட்னரும், பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் பெயர்பெற்ற லிக்லைடரும் சேர்ந்து, நோயாளியின் காதில் ஹெட்போனை மாட்டி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை அவர் கையிலேயே கொடுத்தனர். பதற்றம் தணிய இசை, வலி எழும்போது இரைச்சல் என்பது அவர்கள் ஏற்பாடு. கட்டுப்பாடு தன் கையில் இருக்கிறது என்னும் உணர்வே அச்சத்தைப் பாதியாக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2015இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு 73 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் வலிநிவாரணித் தேவையும் குறைந்திருந்தன. மருத்துவமனையில் தங்கிய நாள்கள் மட்டும் குறையவில்லை. முழு மயக்கத்தில் இருந்தவர்களிடமும் ஓரளவு பயன் தெரிந்தது. ஆனால் விழித்திருப்பவரிடம், இசை கேட்கிறோம் என்பதை மறைத்துச் சோதிக்க முடியாதாகையால், நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். மயக்கத்தில் அதைச் செய்யலாம். 2020இல் ஜெர்மனியில் 385 பேரிடம் நடந்த சோதனையில் அனைவருக்கும் ஹெட்போன் மாட்டப்பட்டது. பாதிப் பேருக்கு அது மௌனமாகவே இருந்தது. மறுபாதியினருக்கு அறுவைக்குப் பின் தேவைப்பட்ட அபின்வகை மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அவர்கள் கேட்டது இசையோடு கலந்த ஆறுதல் சொற்களை என்பதால், பெருமை முழுவதையும் இசைக்கே கொடுத்துவிட முடியாது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புத் தடை ஊசிக்கு முன் 157 பேரில் ஒரு பகுதியினருக்கு மிடசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மருந்தும், மற்றவர்களுக்கு ஹெட்போனில் இசையும் தரப்பட்டன. பதற்றம் இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. ஆயினும் மருந்து பெற்றவர்களே கூடுதல் மனநிறைவு தெரிவித்தனர். பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிகளுக்கு அங்கே இல்லை. மேலும், வெளியோசையை அடைக்கும் ஹெட்போனை மாட்டியிருந்ததால் மருத்துவரோடு பேசுவதும் சிரமமாக இருந்தது. ஊசி நரம்பருகே நிற்கும் வேளையில் 'அசையாதீர்கள்' என்ற சொல் காதில் விழாமல் போவது ஆபத்து. ஆகவே ஒலியைத் தாழ்த்தி, ஒரு காதைத் திறந்துவைத்து, பாட்டை நோயாளியிடமே கேட்டு ஒலிக்கவிடுவதே நல்லது.