கட்சி பார்த்து வேலைய விட்டு தூக்கினா சட்டம் கை கொடுக்குமா?

லேபர் கேஸ் நடத்துற வக்கீலுங்கிறதால என்கிட்ட திரும்ப திரும்ப வர்ற கேள்வி, "நான் இந்தக் கட்சின்னு தெரிஞ்சதும் வேலைய விட்டு தூக்கிட்டாங்க சார், கேஸ் போடலாமா?" முதலாளிங்க பயம் வேற, கட்சிய பார்த்து வேலைய விட்டு தூக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்தா வேலையே செய்யாதவன கூட அனுப்ப முடியாது, கட்சிய காரணம் காட்டி கோர்ட்டுக்கு இழுத்துடுவான்னு.

வேலையில அரசியல் கருத்த வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட 111ஆவது உடன்படிக்கை 1958லயே சொல்லிடுச்சு. ஆனா சட்டம் எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல. அமெரிக்காவோட 1964 சிவில் உரிமை சட்டத்துல இனம், மதம் எல்லாம் இருக்கு, கட்சி இல்ல. கலிஃபோர்னியால மாநில சட்டம் தனியா பாதுகாப்பு தருது.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது பிரிட்டன்ல நடந்த ரெட்ஃபெர்ன் வழக்கு. மாற்றுத்திறனாளிகள கூட்டிட்டு போற வண்டியோட டிரைவர் ரெட்ஃபெர்ன், வேலைல அவர் மேல ஒரு புகார் கிடையாது, ஆசிய வம்சாவளிய சேர்ந்த அவரோட சூப்பர்வைசரே நல்ல ஊழியர்னு அவர் பேர பரிந்துரை பண்ணியிருக்கார். 2004ல வெள்ளையர் மட்டுமே சேர முடிஞ்ச பிஎன்பிங்கிற பிரிட்டிஷ் தேசியக் கட்சி சார்பா கவுன்சிலரா ஜெயிச்சதும் வேலை போச்சு, பயணிகள்ல பெரும்பாலானவங்க ஆசியர்கள், அவங்க பயப்படுவாங்கன்னு கம்பெனி சொல்லுச்சு. சர்வீஸ் ஒரு வருஷம்கூட ஆகாததால நியாயமில்லாத பணிநீக்கம்னு அவரால கேஸ் போடவே முடியல. 2012ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 4க்கு 3ன்னு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 2013ல பிரிட்டன் சட்டத்தையே மாத்துச்சு.

அந்தக் கட்சியோட கொள்கை எனக்கு துளியும் பிடிக்காது, ஆனாலும் தீர்ப்பு சரின்னுதான் சொல்வேன், ஏன்னா நடந்தது எதுவும் இல்லாம, நடந்துடுமோங்கிற பயத்துல மட்டும் ஒருத்தர் பொழப்ப பறிக்கக்கூடாது. அதே ஆள் ஒரு பயணிய இனத்த சொல்லி திட்டியிருந்தா கேஸே வேற, அங்க கட்சி உறுப்பினர் அட்டை கேடயமா இருக்கக்கூடாது. என் கவலை இங்கதான், எது கருத்து எது நடத்தைன்னு சட்டம் தெளிவா பிரிக்கலன்னா சக ஊழியர மிரட்டுறவனும் அரசியல் கருத்துன்னு தப்பிச்சுக்குவான்.

நிரூபிக்கிறதுதான் பெரிய பாடு. உன் கட்சி பிடிக்கலன்னு எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்க மாட்டார், பெர்ஃபார்மன்ஸ் சரியில்லன்னுதான் லெட்டர் வரும். அதனால பழைய அப்ரைசல், மெசேஜ், யார் என்னைக்கு என்ன சொன்னாங்கங்கிறது எல்லாத்தையும் எடுத்து வைங்க, மிரட்டுறாங்கன்னு ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து போட்டுடாதீங்க. கேஸ் போட காலக்கெடு பல இடங்கள்ல சில மாசம்தான், வேலை போன வாரமே ஒரு வக்கீலயோ யூனியனையோ போய் பாருங்க.