சர்வேயில் முதலிடம் வந்தால் சீட்டு வந்துவிடாது

“தொகுதி சர்வேயில் உங்கள் பெயரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, அறிக்கையைத் தலைமைக்கு அனுப்பிச் சீட்டு வாங்கித் தருகிறோம்” என்று சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், அவர் அரசியல் ஆலோசகர் அல்லர். மதுரையில் இருந்துகொண்டு பல தேர்தல்களாக இந்தத் தொழிலைச் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன். நேரில் வருகிறவர்களிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்பாரில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அண்மையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிடுகிறேன். கட்சியில் கிளைப் பொறுப்பிலிருந்து படிப்படியாக வந்தவர்; ஊரில் நல்ல பெயர் உள்ளவர். கிணற்றுப் பாசனமுள்ள தோட்டத்தை அடமானம் வைத்து, தங்களை ‘வியூக நிறுவனம்’ என்று சொல்லிக்கொண்ட சிலரிடம் பணம் கொடுத்திருந்தார். வேட்பாளர் பட்டியல் வெளியானபோது அவர் பெயர் அதில் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம்கூட அவருக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. “சர்வேயில 73.4 சதவீதம் எனக்குத்தாண்ணே இருக்கு, அப்புறம் எப்படி வராமப் போச்சு?” என்று கேட்டார். வண்ணப் படங்களோடு அச்சிட்ட அந்த அறிக்கையை மடங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

பின்னால் இணைத்திருந்த தாள்களைப் புரட்டினேன். 400 பேரிடம் எடுத்ததாகக் கணக்கு. ஒவ்வொரு நேர்காணலின் நேரமும் ஜி.பி.எஸ். புள்ளியும் அதில் அச்சாகியிருந்தன. அவற்றை நீக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் முப்பது வீடுகளை முடித்திருந்தார். இருபது கேள்விகளுக்கு வீடு ஒன்றுக்கு இரண்டு நிமிடம். வரைபடத்தில் பொருத்திப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் உசிலம்பட்டிப் பக்கத்து எழுமலையிலும் இல்லை, சேடபட்டியிலும் இல்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே விடுதிகள் இருக்கும் தெருவில் குவிந்துகிடந்தன. “தெரியாது”, “சொல்ல விருப்பமில்லை” என்ற பதில் ஒன்றுகூட இல்லை. உண்மையில் களத்துக்குப் போனவர்களின் தாள்கள் இப்படி இருக்கவே இருக்காது. பூட்டிய வீடு, “வீட்டுக்காரர் வந்ததும் கேளுங்க” என்று உள்ளே போய்விடும் பெண்கள், “அதெல்லாம் அன்னிக்குப் பாத்துக்கிருவோம்” என்று சிரித்து அனுப்பும் பெரியவர்கள் என்று பாதிப் பதில்கள் பிடிகொடுக்காமல்தான் வரும். 400 பேரை முறைப்படி தேர்ந்தெடுத்துக் கேட்டாலே முடிவு ஏறத்தாழ 5 சதவீதம் மேலோ கீழோ விலகலாம் என்பது புள்ளியியலின் அடிப்படைக் கணக்கு. அப்படியிருக்க, 73-க்குப் பிறகு வரும் அந்த ‘.4’ வெறும் அலங்காரம்.

சீட்டு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் காதில் ஏறுவதில்லை என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். ஒரு கட்சி சர்வே எடுத்தால் அதற்குப் பணம் கொடுப்பது கட்சி. அறிக்கை போவதும் கட்சிக்குத்தான். யாருடைய பெயரைப் பற்றிக் கேட்கிறோமோ அவருக்கு அது தெரிந்துவிட்டால் தெருவுக்கு நாலு பேரை நிறுத்திப் பதில் சொல்ல வைத்துவிடுவார் என்பதால், அவருக்குத் தெரியாமல் எடுப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆக, உங்களிடம் பணம் வாங்கி, உங்களைப் பற்றியே எடுத்து, உங்கள் கையிலேயே கொடுக்கப்பட்ட அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அதை மதிப்பதற்கு அங்கே யாருக்கும் காரணமில்லை. மேலும், ஒழுங்காக எடுத்த சர்வேயே முடிவுக்கான பல காரணங்களில் ஒன்றுதான். விருப்ப மனு, நேர்காணல், மாவட்டச் செயலாளரின் கருத்து, சமுதாயக் கணக்கு, செலவு செய்யும் வசதி ஆகிய எல்லாவற்றையும் தாண்டி வந்த பெயர்கூட, கூட்டணிப் பேச்சில் தொகுதி தோழமைக் கட்சிக்குப் போய்விட்டால் ஒரே இரவில் காணாமல் போகும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி உறுதிசெய்யும் படிவம் ஏ-யும் பி-யும் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேரும்வரை, அறிவிக்கப்பட்ட வேட்பாளருக்கே உறுதி கிடையாது. இதில் எங்களைப் போன்றவர்கள் எந்த இடத்தில் புகுந்து சீட்டு வாங்கித் தர முடியும்?

இதைவிட வேடிக்கை, ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சீட்டு என்று முன்பணம் வாங்குவது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. கட்சிச் சின்னம் ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் தொடங்குகிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் மதுரை மாவட்டத்தில் 2025 ஜனவரியில் முடிந்தது. அதற்குப் பிறகு ‘தேர்தல் வரப்போகிறது’ என்ற பேச்சு எழும்போதெல்லாம், இல்லாத இந்தச் சீட்டுக்கும் விலை பேசுகிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காக ஐ-பேக் என்ற தேர்தல் வியூக நிறுவனம் பணியாற்றியது பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, “நான் பெரிய கம்பெனியில் இருந்தேன்” என்பதே ஒரு தகுதியாகிவிட்டது. சொல்பவர் உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் தேர்தல் காலத்தில் களப்பணிக்கென்று சில மாதங்களுக்கு மட்டும் ஆட்களை எடுப்பது எங்கள் துறையின் வழக்கம். டேப்லெட்டுடன் வீடு வீடாகப் போனவர் அனைவரும் வியூகம் வகுத்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். (வியூகம் வகுத்தவர்களே தங்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிக்கொள்வார்கள், அது வேறு கதை.)

எங்கள் உண்மையான வேலை சலிப்பானது. சென்ற தேர்தலின் படிவம் 20-ஐ எடுத்துவைத்து, எந்த வாக்குச்சாவடியில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு விழுந்தது என்பதை வாக்காளர் பட்டியலின் பாகங்களோடு பொருத்துவதிலேயே வாரங்கள் போய்விடும். மல்லிகை விளையும் ஊர்களுக்கு விடியற்காலையில் போனால் பூப்பறிக்கப் போன பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பது தெரிய வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவும் சித்திரைத் தேரோட்டமும் ஒரே நாளில் வந்து, மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை நேரத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஆள் இருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் வியூகம். பணப்பட்டுவாடா இந்த வேலையில் சேராது. திருமங்கலத்தில் நடந்த 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு ‘திருமங்கலம் பார்முலா’ என்ற பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டதால், எங்களைக் கண்டாலே “கவர் எத்தனை, தலைக்கு எவ்வளவு?” என்று விசாரிக்கிறார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். அதை ஏற்பாடு செய்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனிமேலாவது இவற்றைச் செய்யுங்கள். எந்த வேலை, எத்தனை நாள், யார் யார் செய்வார்கள், என்ன கொடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சர்வே என்றால் மூலத் தரவைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது வாங்குங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்பவரோடு பேச்சை நீட்டாதீர்கள். ஊர்க்காரர்களின் ஆதார் நகலையும் போன் எண்களையும் மூட்டையாகக் கட்டி முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்படைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

வேட்பாளராகவே ஆகிவிட்டால் கணக்கு இன்னும் கறாரானது. சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். ஆலோசகருக்குக் கொடுப்பதும் அதற்குள்தான் அடங்க வேண்டும். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், ஒருவருக்கு மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் 3 ஆண்டுகள் தேர்தலில் நிற்கவே முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். ஆலோசகர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நிலத்தையோ நகையையோ அடமானம் வைக்கும் முன் வீட்டில் உள்ள பெண்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். நான் பார்த்தவர்களில் பலர் மனைவிக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள். அந்தப் பெண்களில் யாராவது ஒருவர் “சீட்டு வரலைன்னா பணம் திரும்ப வருமா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே காரியம் அங்கேயே நின்றிருக்கும்.

வராது என்பதே அதற்குப் பதில். அரசு வேலை வாங்கித் தருவதாகப் பணம் பேசும் ஒப்பந்தம் செல்லாது என்பதை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டோடு சொல்கிறது. சீட்டுக்குப் பேசிய பேரத்தை மட்டும் நீதிமன்றம் ஆதரிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மோசடி என்று போலீசில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. மாநகருக்குள் நடந்ததென்றால் மத்தியக் குற்றப்பிரிவு, புறநகர் என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு. போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் கொடுத்த அறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். கௌரவம் பார்த்து மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் அவர்கள் அலுவலகத்தைக் காலி செய்துவிடுவார்கள்.