சீக்கிரம் வருபவருக்கு மட்டும் லாகின் ஆகாத அலுவலகம்

“தம்பி, பாஸ்வேர்டு எடுத்துக்குச்சு. ஆனா டேலி மட்டும் திறக்க மாட்டேங்குது.”

திங்கட்கிழமை காலை 8:50-க்கு இந்த போன் வரும். திருப்பூரில் ஒரு பின்னலாடை அலுவலகம், அக்கவுண்ட்ஸ் அக்கா. பத்து மணிக்கு நான் போய் நின்றால் எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். “ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிடுச்சு” என்பார். எனக்கு முன்னால் பார்த்தவர் கேபிளை மாற்றியிருந்தார், சுவிட்சை மாற்றியிருந்தார். திங்கட்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை.

விட்டு விட்டு வரும் கோளாறில் நான் முதலில் எடுப்பது நோட்டுப் புத்தகம். யாருக்கு வந்தது, எத்தனை மணிக்கு, திரையில் என்ன எழுதியிருந்தது. மூன்று திங்கட்கிழமை எழுதியதும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்பது மணிக்கு முன்னால் வருபவர்களுக்கு மட்டும்தான் தொல்லை. தாமதமாக வரும் மெர்ச்சண்டைசர் பையன்களுக்கு ஒரு குறையும் இல்லை!

அக்காவுக்கு லாகின் ஆனதே ஒரு மயக்கம். விண்டோஸ் தன்னிடம் லாகின் செய்த கடைசி 10 பேரின் விவரத்தைச் சேமித்து வைத்திருக்கும். சர்வர் கிடைக்காவிட்டால் அதை வைத்தே உள்ளே விட்டுவிடும். ஆகவே டெஸ்க்டாப் வந்துவிட்டது என்பதற்காக சர்வரோடு பேசிவிட்டது என்று அர்த்தமில்லை. டேலியோ சர்வர் கிடைத்தால்தான் திறக்கும். அதே கம்ப்யூட்டரில் புதிதாகச் சேர்ந்தவர் முயன்றபோது, லாகின் சர்வர் எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பியது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘நெட்லாகன் 5719’ என்ற பிழை வரிசையாக நின்றது. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சேர்ந்த குழுவை டொமைன் என்பார்கள், அதன் லாகினைச் சரிபார்க்கும் சர்வர் டொமைன் கண்ட்ரோலர். அதோடு தொடர்பு கிடைக்கவில்லை என்பதற்கான எண் அது.

நெட்வொர்க் விவரம் பார்க்க கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் /ஆல் தட்டினேன். பெயரைக் கேட்டால் முகவரி சொல்வது டிஎன்எஸ். அந்த இடத்தில் இரண்டு முகவரி. முதலாவது 192.168.1.10, அதாவது அலுவலக சர்வர். இரண்டாவது 8.8.8.8, கூகுளுடையது. என்எஸ்லுக்அப் என்ற கட்டளையில் அலுவலக டொமைன் பெயரை சர்வரிடம் கேட்டேன், முகவரி வந்தது. அதே பெயரை 8.8.8.8-இடம் கேட்டேன், அப்படி ஒரு டொமைனே கிடையாது என்றது. ‘லோக்கல்’ என்று முடியும் உள்ளூர்ப் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை மாலை கரண்ட் மிச்சம் என்று சர்வரை அணைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை சர்வரையும் கம்ப்யூட்டர்களையும் ஒன்றாகப் போடுவார்கள். சர்வரில் லாகின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி எழுந்து தயாராகும் வரை டிஎன்எஸ் காத்திருக்கும், சில நிமிஷம் பிடிக்கும். அதற்குள் அக்காவின் கம்ப்யூட்டர் கேட்கிறது, பதில் இல்லை, உடனே இரண்டாவது முகவரிக்குத் தாவுகிறது. அங்கே ‘இல்லை’ என்ற பதில் கிடைத்ததும் அதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்கிறது. மறுபடி முதலாமவரிடம் போய்க் கேட்பதில்லை. கூகுள் முகவரியை அவசரத்துக்கு உதவும் மாற்று ஏற்பாடு என்று நினைத்துத்தான் போடுகிறார்கள். டொமைன் உள்ள அலுவலகத்தில் அது வேலையைக் கெடுக்கும். அக்கா ரீஸ்டார்ட் செய்து முடிப்பதற்குள் சர்வர் எழுந்திருக்கும், அவ்வளவுதான் அந்த மருந்தின் ரகசியம்.

பிராட்பேண்ட் மோடம்தான் இந்த இரண்டு முகவரியையும் எல்லோருக்கும் விநியோகித்துக்கொண்டிருந்தது. அதில் டிஎச்சிபியை, அதாவது முகவரி விநியோகிக்கும் வேலையை, நிறுத்திவிட்டு, சர்வரையே அந்த வேலை செய்ய வைத்தேன். கம்ப்யூட்டர்களுக்கு இனி ஒரே டிஎன்எஸ், 192.168.1.10. கூகுள் முகவரி சர்வருக்குள், அதற்குத் தெரியாததைக் கேட்டுச் சொல்லும் ஃபார்வர்டராகப் போனது, இன்டர்நெட் பெயர்களுக்கு மட்டும்.

எல்லா அலுவலகத்திலும் இதுவேதான் காரணம் என்று சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து முகவரியே வரவில்லை, கேபிளையும் சுவிட்சையும் அப்போது பாருங்கள். கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை முரண்டு பிடிக்கும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டர்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

சர்வரை அணைக்காதீர்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். யூபிஎஸ் பேட்டரியை மாற்றிவிட்டுப் பார்க்கலாம் என்றார். இரண்டாவது டொமைன் கண்ட்ரோலருக்கான கொட்டேஷன் அவர் மேஜையில்தான் இருக்கிறது. அதுவரை வாட்ச்மேன் அண்ணன் திங்கட்கிழமை எட்டு மணிக்கே சர்வரைப் போட்டுவிடுகிறார்.